தாய்மாமன் கண்

செஞ்சி
20.1.1965

தங்கச்சி மங்கைக்கு அக்கா விருத்தாம்பாள் சொல்லச் சொல்ல தனகோட்டி எழுதுறது. பட்டணத்துல நீயும் உன் வீட்டுக்காரரும் புள்ள இளையபெருமாளும் நோய் நொடி இல்லாம இருக்கீங்களா? நாங்க இந்த வருஷம் பொங்கலே வெக்கல.

எம் புள்ள தாண்டவராயனுக்குக் கண்ணு சரியில்ல மங்கை. கார்த்திகை மாசமே எடது கண்ணுல பொகை மாதிரி இருக்குதுன்னான். பஸ்ல அலையிற ஒடம்பு, சூடுதான்னு நெனச்சு எண்ணெ தேச்சுவிட்டேன். கேக்கல. போன வாரம் தீவனூர்ல ஏறின ஆளுக்கு டிக்கெட்டை மாத்திக் கிழிச்சுக் குடுத்து முதலாளிகிட்ட பேச்சு வாங்கியிருக்கான். எதிர்ல நிக்கிற ஆளோட கையி காலு தெரியுதாம், முகம் இருக்கிற எடத்துல மட்டும் வெறும் மூட்டமா இருக்குதாம். வலி இல்ல, செவப்பு இல்ல. பாக்கறவங்களுக்கு நல்ல கண்ணாட்டம்தான் இருக்குது. அதான் எனக்கு சந்தேகம்.

ரஞ்சிதத்தைக் கட்டிக்கிட்டு வந்து இன்னும் ஒரு வருஷம் ஆகல. ஐப்பசியில மேல்மலையனூருக்குத் தாய் வீட்டுக்குப் போயிட்டு வந்தாளே, வரும்போது ஒரு தூக்குல கருவாட்டுக் கொழம்பு எடுத்தாந்தா. அவனுக்கு மட்டும் பாத்துப் பாத்துப் போட்டா. அதுக்கப்புறம்தான் இந்தக் கண்ணு. நான் இன்னும் வாயத் தெறந்து ஒண்ணும் கேக்கல. அவ எங்க போறா, எதத் தொடறான்னு பாத்துக்கிட்டு இருக்கேன்.

உன் மனசுக்கு இன்னா படுதுன்னு எழுது.

அக்கா
விருத்தாம்பாள்

சின்னம்மா, அந்தக் கொழம்பை நானும்தான் சாப்பிட்டேன். இந்த வரியை அம்மாவுக்குப் படிச்சுக் காட்டல. — தனகோட்டி


பெரம்பூர்
29.1.1965

அன்புள்ள அக்காவுக்கு மங்கை எழுதிக்கொள்வது. உன் முழங்கால் வலி தேவலையா? எங்கள் மூன்று பேருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் கடிதம் வந்ததிலிருந்து மனசுதான் சரியில்லை.

கண் விஷயத்தில் நாள் கடத்தாதே. இங்கே பெரிய கண்ணாஸ்பத்திரி இருக்கிறது. அவனை உடனே கூட்டிக்கொண்டு வா. நாட்டு மருந்து எதையும் கண்ணில் ஊற்றிவிடாதே.

ரஞ்சிதம் சின்னப் பெண். கட்டின புருஷன் கண்ணைக் கெடுத்து அவளுக்கு என்ன ஆகப்போகிறது? எதையும் கேட்டு வைக்காதே அக்கா. கேட்டுவிட்டால் திரும்ப எடுக்க முடியாது.

என்றைக்குக் கிளம்புகிறாய் என்று எழுது. பஸ்ஸில் இருந்து இறங்கும் இடத்தில் வந்து நிற்கிறேன்.

உன் தங்கை
மங்கை


செஞ்சி
11.3.1965

மங்கைக்கு அக்கா சொல்லி எழுதுறது. நீங்க எல்லாரும் நல்லா இருக்கணும். எங்க வீட்டைப் பத்தி நல்லதா எழுத ஒண்ணுமில்ல.

வலது கண்ணும் போயிடுச்சு. மாசி பொறந்ததும் அதுலயும் அதே மூட்டம். முதலாளி வேலைய விட்டு நிறுத்திட்டாரு. புள்ள செவுத்தைத் தடவிக்கிட்டு நடக்கறான்.

நீ ஆஸ்பத்திரின்னு எழுதியிருந்தே. ஆனா அனந்தபுரத்துல மருந்து எடுக்கற ஆளு இருக்காருன்னு சொன்னாங்க, மொதல்ல அங்க கூட்டிக்கிட்டுப் போனேன். வயித்துல கொழலை வெச்சு உறிஞ்சி, கறுப்பா ஒரு உருண்டையைத் துப்பிக் காட்டினாரு. அதுல மயிரு இருந்துச்சு மங்கை. சோத்துல வெச்சுக் குடுத்திருக்காங்க, வீட்டுக்குள்ள இருக்கிற பொம்பளதான், இதுக்கு மேல என்னைக் கேக்காதீங்கன்னுட்டாரு. வீட்டுக்குள்ள யாரு இருக்கா? நானும் என் மகளும் அவளும்.

ரஞ்சிதத்தைக் கேட்டேன். சத்தியம் பண்ணா. அழுதா. முழுகாம இருக்கறதா அன்னைக்குத்தான் சொன்னா, பாத்துக்கோ, சரியா அன்னைக்குப் பாத்து. அவங்க நைனாவை வரச்சொல்லி அனுப்பிட்டேன். தாண்டவராயன் தடுக்கல.

உருண்டை எடுத்தும் பார்வை வரல. வேர் உள்ளயே நிக்குதுன்னு சொல்றாரு. சரி, உன் ஆஸ்பத்திரியையும் பாத்துடுவோம். வர்ற புதன்கெழம கெளம்பறோம்.

அக்கா


பெரம்பூர்
2.4.1965

அன்புள்ள அக்காவுக்கு. ஊர் போய்ச் சேர்ந்து களைப்பு தீர்ந்ததா? தாண்டவராயன் சாப்பிடுகிறானா? இங்கே இருந்த நாட்களில் அவன் இரண்டாம் முறை சோறு கேட்கவே இல்லை.

நேரில் கேட்க நினைத்து, அவன் பக்கத்திலேயே இருந்ததால் கேட்காமல் விட்டதை இப்போது கேட்கிறேன்.

டாக்டர் அவன் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, நரம்பு வாடியிருக்கிறது என்றார். விஷம் எதுவும் இல்லை என்றார். பிறகு உன்னைப் பார்த்து, "உங்ககூடப் பொறந்த ஆம்பளைங்க யாருக்காவது சின்ன வயசுல பார்வை போயிருக்குதா?" என்று கேட்டார். நீ என்னைக் காட்டி, "எனக்குக் கூடப் பொறந்தது இவ ஒருத்திதாங்க" என்றாய்.

நான் வாய் திறக்கவில்லை. ஆனால் கன்னியப்பன் அண்ணன் இருந்தானே அக்கா. அவன் செத்தபோது நான் கைக்குழந்தை. கண் தெரியாமலே போய்விட்டானே என்று அம்மா சாகிறவரைக்கும் அழுதாளே. டாக்டரிடம் அவனை ஏன் மறைத்தாய்?

கோபப்படாமல் பதில் எழுது.

மங்கை


செஞ்சி
14.4.1965

மங்கைக்கு. எல்லாரும் சுகமா இருங்க.

அண்ணன் கதை வேற. குடிச்சுக் குடிச்சுக் கண்ணைக் கெடுத்துக்கிட்டவன் அவன். எம் புள்ள சாராயத்தை மோந்துகூடப் பாத்ததில்ல. ரெண்டையும் ஒண்ணா முடிச்சுப் போடாத.

இன்னொரு சேதி. தளவானூர்லேருந்து வந்து தனகோட்டிய பாத்துட்டுப் போயிருக்காங்க. பையன் பேரு முருகையன். மல்லாட்டை வெளையிற நெலம், சொந்தக் கெணறு. அவங்களுக்குப் புடிச்சிருக்குது. அண்ணன்காரனுக்கு இப்படி ஆயிடுச்சேன்னு கேட்டாங்க. மருமக மருந்து வெச்சிட்டான்னு சொன்னேன், பாவம்னுட்டு விட்டாங்க. இந்த நேரத்துல செத்துப்போனவனை நீ எதுக்கு எழுப்பற?

ரஞ்சிதம் உனக்குக் கடுதாசி போடறாளா? உண்மையச் சொல்லு. நீ அவளுக்குப் பரிஞ்சு பேசறது எனக்கு நல்லாப் படல. ஆஸ்பத்திரியில நான் இல்லாத நேரம் அந்த டாக்டருகிட்ட நீ தனியா நின்னு பேசினதையும் பாத்தேன்.

அக்கா


பெரம்பூர்
8.5.1965

அன்புள்ள அக்காவுக்கு. ஊரில் வெயில் எப்படி? தாண்டவராயனைத் தனியாகக் குளத்துப் பக்கம் விடாதே.

ரஞ்சிதம் எனக்கு ஒரு வரிகூட எழுதியதில்லை. அன்று டாக்டரிடம் நான் கேட்டது சீட்டு எந்த ஜன்னலில் கொடுக்க வேண்டும் என்பதுதான். ஆனால் போன வாரம் தனியாகப் போனேன். அண்ணனைப் பற்றிச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிறைய நேரம் கேள்வி கேட்டார்.

அங்கே வராந்தாவில் வாலாஜாபாத் பக்கத்து அம்மா ஒருத்தியைப் பார்த்தேன். அவளுக்கு இரண்டு பிள்ளைகள், இரண்டு பேருக்கும் இதே மூட்டம். அவர்கள் வீட்டிலும் முதலில் பெரிய மருமகளைத்தான் துரத்தினார்களாம். சின்னவன் கல்யாணம் ஆகாதவன். அவனுக்கும் வந்த பிறகுதான் யாரைத் துரத்துவது என்று தெரியாமல் ஆஸ்பத்திரிக்கு வந்தோம் என்றாள்.

டாக்டர் சொன்ன முழு விவரத்தையும் கடிதத்தில் எழுத முடியாது. ஆனி மாதம் நானே வருகிறேன். அதற்குள் ரஞ்சிதத்தைக் கூட்டி வந்துவிடு அக்கா. அவள் ஒன்றும் செய்யவில்லை.

மங்கை


செஞ்சி
19.7.1965

சின்னம்மாவுக்கு தனகோட்டி எழுதறேன். நீங்களும் சின்னய்யாவும் தம்பி இளையபெருமாளும் நல்லா இருக்கணும்னு சாமிய வேண்டிக்கறேன். இது அம்மா சொல்லி எழுதற கடுதாசி இல்ல.

நீங்க வந்திருந்தப்ப அம்மாவும் நீங்களும் சக்கரக்குளத்துப் பக்கம் போனீங்க. திரும்பி வந்தப்ப ரெண்டு பேரு முகமும் வீங்கியிருந்துச்சு. நீங்க சாப்பிடாமகூட பஸ் ஏறிட்டீங்க. அன்னையிலிருந்து அம்மா உங்களுக்குக் கடுதாசி எழுதச் சொல்லல. உங்க பேரை எடுத்தா எழுந்து போயிடறாங்க. ஆனா என் கல்யாணத்தை மட்டும் ஆவணியிலேயே முடிக்கணும்னு தளவானூருக்கு ஆள் மேல ஆள் அனுப்பறாங்க. தை மாசம் பாத்துக்கலாம்னு அவங்க சொல்லியும் கேக்கல.

உங்க எல்லாக் கடுதாசியையும் படிச்சுக் காட்டறது நான்தான். எழுத முடியாதுன்னு எழுதினீங்களே, அது நான் படிப்பேன்னுதானே? அப்படின்னா அது என்னைப் பத்தினதுதான். எல்லாரும் என்னைப் பாக்கற பார்வையே மாறியிருக்குது. அண்ணன்கூட, "நீ நல்லா இருக்கணும்மா"ன்னு ரெண்டு தடவ சொல்லிட்டான். எனக்கும் கண்ணு போகப்போகுதா சின்னம்மா?

மறைக்காம எழுதுங்க. தபால்காரர்கிட்ட நான்தான் வாங்குவேன்.

தனகோட்டி


பெரம்பூர்
30.7.1965

என் மகள் மாதிரியான தனகோட்டிக்கு சின்னம்மா எழுதுவது. நன்றாகச் சாப்பிடு, தூங்கு. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்: உன் கண் போகும் என்று யாரும் சொல்லவில்லை. பெண்களுக்குப் பார்வை போவது அபூர்வம் என்றுதான் டாக்டர் சொன்னார்.

எழுதலாமா வேண்டாமா என்று பல நாள் யோசித்தேன். உன் உடம்பைப் பற்றிய சங்கதி. உன்னைத் தவிர மற்ற எல்லோருக்கும் தெரிந்திருப்பது நியாயம் இல்லை.

இது மருந்து வைத்ததால் வந்தது இல்லை, பாவத்தால் வந்தது இல்லை. தாயிடமிருந்து பிள்ளைக்கு வருகிற ஒரு நோய். தாய் வழியில்தான் வரும், தகப்பன் வழியில் வராது. ஆண் பிள்ளைகளுக்கு இருபது, இருபத்தைந்து வயதில் பார்வை போகலாம். எல்லோருக்கும் போகும் என்றும் இல்லை. பெண் பிள்ளை கண்ணோடு நன்றாக இருப்பாள், ஆனால் தன் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடலாம். ஏன் இப்படி என்று கேட்டேன். உடம்பின் ஒவ்வொரு அணுவுக்குள்ளும் சக்தியை உண்டாக்குகிற மிகச் சின்னப் பொருள்கள் இருக்கின்றனவாம். அதில் கோளாறு வந்து உடம்பு மெலிந்துபோகிற ஒரு நோயை வெளிநாட்டில் இப்போதுதான் கண்டுபிடித்திருக்கிறார்களாம். இந்தக் கண் நோயும் அந்த வகையோ என்று அவருக்கு ஒரு எண்ணம், ஆனால் நிச்சயமாகச் சொல்ல இன்றைக்கு உலகத்தில் ஆள் இல்லை என்றார். மருந்தும் இல்லை. பீடி, சாராயம் கூடாது, அவ்வளவுதான்.

குளத்தங்கரையில் இதை உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவே இல்லை. "முகம் தெரியலம்மான்னு தாண்டவராயன் சொன்ன அன்னைக்கே எனக்குத் தெரியும். அண்ணனும் இதே வார்த்தையைத்தான் சொன்னான். அவனைக் கையப் புடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போனவ நான்தான்" என்றாள். அண்ணன் குடித்ததே இல்லையாம். பார்வை போன பிறகு ஊர்தான் அப்படிச் சொல்லியிருக்கிறது. பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "ரத்தத்துல இருக்குதுன்னு தெரிஞ்சா எம் பொண்ணை யாரு கட்டுவான்? ஒருத்தி பேரு கெட்டா கெடட்டும்" என்றாள். அதற்கு நான் சொன்ன வார்த்தைகள் கொடுமையானவை. அதனால்தான் சாப்பிடாமல் கிளம்பினேன்.

அவள் உனக்காகத்தான் செய்தாள். அதை மறக்காதே. ரஞ்சிதத்துக்குச் செய்ததையும் மறக்காதே.

எனக்கும் அதே தாய்தான் தனகோட்டி. தினமும் காலையில் இளையபெருமாளைக் காலண்டரில் தேதி படிக்கச் சொல்கிறேன். எதற்கென்று அவனிடம் சொல்லவில்லை. அவன் கொஞ்சம் தடுமாறினால்கூட எனக்குத் தூக்கிவாரிப் போடுகிறது.

சின்னம்மா


செஞ்சி
6.9.1965

மங்கைக்கு. இது தபாலாபீஸ் வாசலில் மனு எழுதுகிறவரிடம் சொல்லி எழுதுவது. எம் பொண்ணு வாழ்க்கையில மண்ணைப் போட்டுட்ட. உன் புள்ளைக்கு ஏன் வரல? அதுக்குப் பதில் சொல்லு. இனிமே என் வாசப்படி மிதிக்காத.

விருத்தாம்பாள்


மேல்மலையனூர்
18.10.1965

சின்ன அத்தை அவர்களுக்கு ரஞ்சிதம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நான் சுகம். எனக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. குழந்தையும் சுகம்.

உங்களுக்கு நான் எழுதுவது இதுதான் முதல் தடவை. எழுதவா வேண்டாமா என்று இருந்தது. உங்கள் பக்கத்து மனிதர்கள் யாரையும் நம்பக்கூடாது என்றுதான் இருந்தேன்.

ஆவணி அமாவாசைக் கூட்டத்தில், ஸ்பெஷல் பஸ்ஸில் அவரைக் கையைப் பிடித்துக்கொண்டு தனகோட்டி இங்கே வந்து இறங்கினாள். எங்கள் நைனா உள்ளே வரச் சொல்லவில்லை. அவள் வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். தளவானூர்க்காரர்கள் நாள் குறிக்க வந்தபோது, அவர்களிடமும் சபையில் இதையே சொன்னாளாம். யோசித்துச் சொல்கிறோம் என்று எழுந்து போனார்கள், அதற்கப்புறம் தகவல் இல்லை என்றாள். கல்யாணம் நின்றதால்தான் என்னைத் தேடி வந்தாயா என்று கேட்டேன். "நின்னதால வரல அண்ணி. சொன்னதாலதான் நின்னுச்சு" என்றாள். பக்கத்துத் தெரு ஆட்கள்கூட நின்று கேட்டார்கள். என்னை மருந்துக்காரி என்று சொன்ன வாய்கள் அவை.

அவர் இப்போது இங்கேதான் இருக்கிறார். எங்கள் தேங்காய்க் கடையில் உட்கார்கிறார். என்னைத் துரத்தியபோது ஏன் பேசவில்லை என்று கேட்டேன். "நீதான் வெச்சிருப்பியோன்னு நானும் கொஞ்ச நாளு நம்பினேன்" என்றார். பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதனால் இருக்கட்டும் என்று விட்டேன்.

ஒன்று மட்டும் உங்கள் கையால் எழுதி எனக்குத் தெரிய வேண்டும். என் பெண்ணுக்கு இது வராது, அவள் வயிற்றுப் பிள்ளைகளுக்கும் வராது என்று தனகோட்டி சொன்னாள். அது நிஜமா, என்னைச் சமாதானப்படுத்தச் சொன்னதா?

ரஞ்சிதம்


பெரம்பூர்
23.1.1966

அக்காவுக்கு. உன் வாசற்படியை மிதிக்காதே என்று நீ எழுதியதால் இத்தனை மாதம் எழுதவில்லை. உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று தனகோட்டி மூலமாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். ரஞ்சிதத்துக்கு மட்டும் பதில் எழுதினேன். ஆண் வழியில் போகாது, உன் குழந்தைக்குப் பயமில்லை என்று டாக்டர் சொன்னதை அப்படியே எழுதினேன்.

உன் பிள்ளைக்கு ஏன் வரவில்லை என்று கேட்டாயே. வந்துவிட்டது.

பொங்கலுக்கு மறுநாள் காலையில் இளையபெருமாள் தேதியை நிறுத்தாமல் படித்தான். எனக்குச் சந்தேகம் வந்து தாளை ஒன்று கூடுதலாகக் கிழித்துவிட்டு மறுபடி படிக்கச் சொன்னேன். பழைய தேதியையே சொன்னான். எத்தனை நாளாகத் தெரியாமலே மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டிருந்தானோ. "உனக்குக் கஷ்டமா இருக்கும்னு சொல்லலம்மா" என்றான். பதினெட்டு வயது.

நான் சொன்னது சரியாயிற்று என்று காட்ட இதை எழுதவில்லை. என் வீட்டுக்காரர் யார் கண் பட்டதோ என்கிறார். அக்கம்பக்கத்தில் என்ன மருந்து கொடுத்தாய் என்று கேட்கிறார்கள். எதிர் வீட்டுக்காரி நேற்று வந்து போனாள், அவள் உட்கார்ந்து போன இடத்தை நான் தண்ணீர் விட்டுக் கழுவினேன் அக்கா. எல்லாம் தெரிந்த நான் கழுவினேன். இதைச் சொன்னால் புரிகிற ஆள் எனக்கு உன்னைத் தவிர யாரும் இல்லை.

மங்கை


செஞ்சி
1.2.1966

மங்கைக்கு அக்கா. தனகோட்டிதான் எழுதறா. உன் கடுதாசிய அவ பாதி படிக்கும்போதே போதும்னு சொல்லிட்டேன், அப்புறம் மிச்சத்தையும் படிக்கச் சொன்னேன்.

மறுநாளே மேல்மலையனூருக்குப் போனேன், தாண்டவராயனைக் கூட்டியார. வாசல்ல நின்னேன். ரஞ்சிதம் வந்தா. உள்ள வாங்கன்னு சொல்லல. நான் வழி முழுக்க ஏதேதோ பேசணும்னு நெனச்சுக்கிட்டு வந்தேன். "தப்புப் பண்ணிட்டேன்"னு மட்டும் சொன்னேன். "தெரிஞ்சே பண்ணீங்க அத்தை"ன்னா. ஆமான்னேன்.

கொஞ்ச நேரம் கழிச்சு கொழந்தையைக் கொண்டாந்து என் கையில குடுத்தா. ஆனா பக்கத்துலயே நின்னா. நான் அது நெத்தியத் தொட்டா என் வெரலைப் பாக்கறா. என் இடுப்புல கையக் கொண்டுபோனா என் இடுப்பைப் பாக்கறா. நான் எதையாவது வெச்சுடுவேனோன்னு. அவ பாத்தது எனக்குப் புரிஞ்சுது. நான் பாத்த பார்வைதான் அது. பாக்கட்டும்னு இருந்தேன். ஊருக்கு வாடின்னு நான் கூப்பிடல, அவளும் வரேன்னு சொல்லல. அவனை மட்டும் அனுப்பினா, பத்து நாள்ல திரும்பி வந்துடணும்னு சொல்லி.

தளவானூர்ப் பையன் போன வாரம் தனியா வந்து, அந்த டாக்டர் எந்த ஆஸ்பத்திரின்னு தனகோட்டிகிட்ட கேட்டுட்டுப் போனான். நல்லதுக்கா கெட்டதுக்கான்னு தெரியல. அவ சொல்லிட்டா.

இளையபெருமாளுகிட்ட நீ எதையும் மறைக்காத. மத்தத தாண்டவராயன் சொல்லிக்குவான். எதையும் நேரா மொறைச்சுப் பாக்கக்கூடாதாம், கொஞ்சம் ஓரமாப் பாத்தா ஆளு அடையாளம் தெரியுதாம். தம்பிக்கு இதை யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டாங்க, நான் போய்ச் சொல்றேன்னு பையை எடுத்து வெச்சுட்டான். அந்த வாலாஜாபாத் அம்மாவையும் எனக்குப் பாக்கணும். அவ மருமக திரும்பி வந்தாளான்னு கேக்கணும்.

பயப்படாதன்னு உனக்கு எழுத எனக்கு வாயில்ல. எனக்கே பயமாத்தான் இருக்குது. அன்னைக்கு அண்ணனைக் கூட்டிக்கிட்டு நடந்தப்ப எனக்குப் பன்னெண்டு வயசு, கூட யாரும் இல்ல. வெள்ளிக்கெழம காலையில மொத பஸ்ல நாங்க மூணு பேரும் வரோம்.

அக்கா
விருத்தாம்பாள்